கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்போம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு அச்சுவேலியில் 304 சீட்டாட்டம் தெரியாத வீடு குறைவு. அதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த வீடு அதைவிடக் குறைவு. செத்தவீட்டில் விழித்திருக்க வேண்டிய இரவிலும், கலியாண வீட்டில் பந்தல் வேலை முடிந்த பின்னேரத்திலும், சனசமூக நிலையத்துத் திண்ணையிலும் பெரியவர்கள் ஆடுவார்கள். பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் எழும்பிப் போனால் அந்த இடத்தில் இருந்து, ஏச்சு வாங்கி, ஆட்டத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மின்சாரம் இல்லாத 1990களின் இரவுகளிலும், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வந்த ஊரடங்குக் காலத்திலும் குடாநாட்டுக்குத் துணையாக இருந்த பொழுதுபோக்குகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

இன்று பின்னால் நின்று பார்க்கும் பிள்ளை குறைந்துவிட்டது. சீட்டாட்டம் என்றதும் இளையவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கைத்தொலைபேசியில் பார்த்த போக்கர். அந்தப் பழக்கத்தோடு 304 மேசைக்கு வருகிறவர் தடுமாறுகிறார். எதிரியை வெருட்டலாம் என்று கையில் ஒன்றும் இல்லாமல் ஏலத்தில் 200 கேட்கிறார், தோற்கிறார், “இது வெறும் அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிட்டு எழும்புகிறார். பெரியவர்களோ விதியை விளக்காமல் பிழையை மட்டும் பிடிக்கிறார்கள். “ஏனடா தம்பி, பிடி எங்கட கையிலை கிடக்க ஏழைப் போட்டனி?” என்ற கேள்விக்கு விடை தெரியாத பிள்ளை அடுத்த முறை வராது. ஆகவே ஆட்டத்தை அடியிலிருந்து விளக்குவோம். விதி ஊருக்கு ஊர், மேசைக்கு மேசை கொஞ்சம் மாறும். இங்கே சொல்வது பரவலாக வழங்கும் முறை.

போக்கரும் 304உம் பிரியும் இடம்

உலகில் அதிகம் ஆடப்படும் போக்கர் வகை டெக்சஸ் ஹோல்டெம். 52 தாள்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் மறைவாகக் கிடைக்கும். நடுவில் ஐந்து தாள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு யாருடைய கை பெரியது என்று பார்ப்பார்கள். தாள் திறப்பதற்கு இடையே நான்கு சுற்றுப் பந்தயம் நடக்கும். கை சின்னதாக இருந்தாலும் பெரும் பந்தயம் வைத்து மற்றவர்களை விலகச் செய்யலாம். கையை மறைப்பதும், இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும் அந்த ஆட்டத்தின் உயிர். அங்கே ஒவ்வொருவரும் தனியாள். மேசையில் இருக்கும் மற்ற எல்லோரும் எதிரி.

304இல் நான்கு பேர், இரண்டு சோடி. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. உங்கள் கேள்வியை, அதாவது ஏலத்தில் நீங்கள் சொல்லும் தொகையை, எதிரிகள் கேட்பதைவிடக் கவனமாகக் கேட்பவர் உங்கள் சோடி. பேசக்கூடாது, சாடை காட்டக்கூடாது. சோடியிடம் எதையாவது சொல்வதற்கு உங்களுக்கு உள்ள வழி இரண்டுதான்: கேட்கும் கேள்வி, போடும் தாள். இந்த நிலையில் பொய்க் கேள்வி கேட்டால் முதலில் ஏமாறுபவர் உங்கள் சோடி. நீங்கள் பலமாக இருக்கிறீர்கள் என்று நம்பித் தன் கனத்த தாள்களை அவர் அள்ளிக் கொட்டுவார். அவற்றை எதிரிகள் வாரிக்கொண்டு போவார்கள்.

போக்கரில் ஏலம் எதிரியை மயக்குவதற்கு. 304இல் ஏலம் சோடிக்கு உண்மை சொல்வதற்கு. இந்த வித்தியாசம் மனதில் பதிந்தால் மீதி விதிகள் எல்லாம் தாமாகவே ஒழுங்காக வந்து அமரும்.

தாளும் புள்ளியும்

சீட்டுக் கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையான தாள்களை எடுத்துவிட வேண்டும். மீதி 32. ஸ்கோப்பன், கிளாவர், ஆட்டின், டயமன் என்ற நான்கு வகையிலும் எட்டு எட்டுத் தாள். பெரியதிலிருந்து சிறியதற்கு வரிசை இது: ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து, கிங், குயின், எட்டு, ஏழு. ராசாவும் ராணியும் கீழே போய், ஜாக்கும் ஒன்பதும் தலைமேல் ஏறிய இந்த வரிசைதான் புதிதாக வருகிறவரை முதலில் குழப்பும். ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துரும்பு வகைக்கு இன்றும் இதே வரிசைதான். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். கேரளத்தில் பிரபலமான 28, 56 ஆகிய ஆட்டங்களும் ஜாக்கையும் ஒன்பதையும் மேலே வைக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

புள்ளி: ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டும் ஏழும் வெறுந்தாள். கூட்டினால் ஒரு வகைக்கு 76. நான்கு வகைக்கும் 304. ஆட்டத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

இந்தக் கணக்கில் ஒன்றை இப்போதே கவனியுங்கள். நான்கு ஜாக்குக்கும் 120. நான்கு ஒன்பதுக்கும் 80. எட்டே எட்டுத் தாளில் 200 புள்ளி, அதாவது முழுவதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 32 தாளையும் நினைவில் வைத்தால்தான் ஆடலாம் என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. தொடக்கத்தில் இந்த எட்டும் எப்போது விழுந்தன என்று மட்டும் கவனித்தால் போதும். பழகப் பழக மற்றவை தாமாக நினைவில் நிற்கும்.

கேள்வியும் துரும்பும்

தாள் போடுவதும் ஆட்டம் சுற்றுவதும் வலப்பக்கமாக. தாள் போடுபவர் தன் வலப்பக்கத்தில் இருப்பவரிலிருந்து தொடங்கி ஆளுக்கு நான்கு தாள் கொடுப்பார். இங்கே கொஞ்சம் நிற்பார்கள். எட்டில் பாதியை மட்டும் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். “எங்கள் சோடி இத்தனை புள்ளி எடுக்கும், துரும்பை நான் தீர்மானிக்கிறேன்” என்பதே கேள்வியின் பொருள். வழமையான குறைந்த கேள்வி 160. அதற்கு மேல் பத்துப் பத்தாக ஏறும். எல்லோரையும்விடக் கூடக் கேட்டவர் தன் நான்கு தாளில் ஒன்றை மேசையில் கவிழ்த்து வைப்பார். அந்தத் தாளின் வகைதான் துரும்பு. அது என்ன வகை என்று அவருக்கு மட்டும் தெரியும். அவருடைய சோடிக்குக்கூடத் தெரியாது.

பிறகு மீதி நான்கு தாளும் வரும். எட்டுத் தாளையும் பார்த்தபின் ஒருவருக்கு மிகப் பலமான கை அமைந்தால் உயர்ந்த கேள்வி கேட்டுத் துரும்பை மாற்றவும் இடமுண்டு. அதற்கான எல்லை மேசைக்கு மேசை வேறுபடும் என்பதால் தொடங்குமுன் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

160 என்பது எவ்வளவு பெரிய கேள்வி? மொத்தம் 304, அதில் பாதி 152. சராசரியாக ஒரு சோடிக்கு வருவதும் அதுதான். ஆக 160 கேட்பவர் பாதிக்கு மேல் எட்டுப் புள்ளி மட்டுமே கூடக் கேட்கிறார். துரும்பைத் தீர்மானிக்கும் உரிமை கையில் இருக்கும்போது அது துணிந்து கேட்கக்கூடிய தொகை. 200 கேட்பவர் எதிரிகளுக்கு 104ஐ மட்டுமே விட்டுவைக்கிறார். அதற்குக் கை சொல்ல வேண்டும்.

கை சொல்கிறதா என்று பார்க்கவும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. நான்கு தாளில் சராசரியாக வரும் புள்ளி 38. முதல் நான்கில் ஒரு ஜாக்காவது வர நூற்றுக்கு 43 வாய்ப்பு. உங்கள் கையில் 38ஐவிட நன்றாகக் கூட இருந்து, ஒரே வகையில் மூன்று தாள் இருந்து, அந்த மூன்றில் ஜாக்கோ ஒன்பதோ இருந்தால் 160 கேட்கலாம். வேறு வகையில் ஒரு ஜாக்கோ ஏஸோ சேர்ந்திருந்தால் 170, 180 என்று யோசிக்கலாம். நான்கு தாளும் நான்கு வகையாகச் சிதறிக் கிடந்தால், புள்ளி இருந்தாலும் பேசாமல் விடுவதே நல்லது. கேட்காமல் விடுவதும் சோடிக்கு ஒரு செய்தி.

பிடி எடுக்கும் முறை

தாள் போட்டவரின் வலப்பக்கத்தவர் முதல் தாளை இறக்குவார். அந்த வகை கையில் இருப்பவர் அதே வகையைத்தான் போட வேண்டும். இது மீற முடியாத விதி. நான்கு தாளில் பெரியதைப் போட்டவருக்குப் பிடி. பிடித்தவர் அடுத்த தாளை இறக்குவார். மொத்தம் எட்டுப் பிடி.

இறக்கிய வகை கையில் இல்லாதவர் வேறு ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுவார். 304இன் தனிச் சுவை இங்கேதான் தொடங்குகிறது. போடுகிறவருக்கே தான் போட்டது துரும்பா இல்லையா என்று தெரியாது, ஊகித்துத்தான் போடுகிறார். பிடி முடிந்ததும் துரும்பு வைத்தவர் மட்டும் கவிழ்ந்த தாள்களைப் பார்ப்பார். அவற்றில் துரும்பு இல்லாவிட்டால் அவை கவிழ்ந்தபடியே போகும். இருந்தால் அது வெட்டு. அந்தத் தாளையும் மேசையில் கிடக்கும் துரும்பையும் திறந்து காட்ட வேண்டும். வெட்டியவருக்குப் பிடி. இரண்டு பேர் வெட்டியிருந்தால் பெரிய துரும்புக்குப் பிடி. அதற்குப் பிறகு ஆட்டம் திறந்த துரும்போடு தொடரும். கை பலமாக இருந்தால், கேட்டவர் தொடக்கத்திலேயே துரும்பைத் திறந்துவிட்டும் ஆடலாம்.

துரும்பு கவிழ்ந்து கிடக்கும்வரை கேட்டவர் அந்த வகையைத் தானாக இறக்கக்கூடாது என்பது பெரும்பாலான மேசைகளின் விதி. எதிரிகளுக்கு இதுவே துப்பு. அவர் எந்த வகையைத் தொடாமல் தவிர்க்கிறார் என்று பார்த்தால் துரும்பு எதுவென்று இரண்டு மூன்று பிடியில் ஓரளவு தெரிந்துவிடும். கேட்டவரின் எதிர்ச் சோடியிடம் ஒரு துரும்புகூட இல்லை என்றால் அந்த ஆட்டம் செல்லாது, தாளைத் திரும்பப் போட வேண்டும்.

ஒரு கையைக் கிட்ட இருந்து பார்ப்போம்

விதியை எவ்வளவு சொன்னாலும் ஒரு கையை முழுதாகப் பார்க்காமல் விளங்காது. நான்கு பேரையும் திசையால் அழைப்போம். தெற்கு தாள் போடுகிறார். அவருக்கு வலப்பக்கம் கிழக்கு, எதிரே வடக்கு, இடப்பக்கம் மேற்கு. கிழக்கும் மேற்கும் ஒரு சோடி. தெற்கும் வடக்கும் மற்றது.

கிழக்குக்கு வந்த முதல் நான்கு: ஸ்கோப்பன் ஜாக், ஒன்பது, ஏழு, ஆட்டின் ஏஸ். மொத்தம் 61. சராசரியைவிட 23 கூட. ஸ்கோப்பனில் மூன்று தாள், அதில் தலையான இரண்டும் கையில். கிழக்கு 170 கேட்கிறார். மற்ற மூவரும் விடுகிறார்கள். இனி எதிரிகள் இந்தக் கேள்வியைத் தோற்கடிக்க 135 எடுக்க வேண்டும்.

எந்தத் தாளைக் கவிழ்ப்பது? கிழக்கு ஸ்கோப்பன் ஏழைக் கவிழ்க்கிறார். மேசையில் கிடக்கும் தாள் கையில் இல்லாததற்குச் சமம். யாராவது ஸ்கோப்பன் இறக்கினால் அதைப் பிடிக்க ஜாக்கும் ஒன்பதும் கையில் தயாராக நிற்கட்டும் என்பது அவர் எண்ணம்.

மீதி நான்கும் வருகின்றன: ஸ்கோப்பன் கிங், டயமன் ஜாக், டயமன் எட்டு, கிளாவர் குயின்.

முதல் பிடி. கிழக்கு டயமன் ஜாக்கை இறக்குகிறார். டயமனில் அதைவிடப் பெரிய தாள் இல்லை. வடக்கு டயமன் ஏஸையும் ஏழையும் வைத்திருக்கிறார், தோற்கிற பிடிக்கு ஏழைப் போடுகிறார். மேற்கின் கையில் டயமன் ஒன்பதும் பத்தும். சோடியின் ஜாக் விழுந்திருக்கிறது, வெட்டு விழாவிட்டால் பிடி தங்களுடையது. அவர் ஒன்பதைப் போடுகிறார், 20 புள்ளி. தெற்கு குயின். 30, 0, 20, 2. மொத்தம் 52.

மேற்கு ஒன்பதை ஏன் விட்டார்? ஜாக் போன பிறகு ஒன்பதுதானே டயமனில் தலை, அதை வைத்திருந்தால் இன்னொரு பிடி எடுக்கலாமே என்று புதியவர் கேட்பார். வைத்திருந்தால் எடுக்கலாம், ஆனால் அடுத்த முறை டயமன் சுற்றி வரும்போது யாராவது வெட்டினால் 20உம் எதிரிக்குப் போகும். கையில் உறுதியாக உள்ள பிடியில் புள்ளியை ஏற்றிவிடு என்பது சோடி ஆட்டத்தின் முதல் பாடம். பெரியவர் பிள்ளையை ஏசியதும் இதற்காகத்தான். சோடியின் பிடியில் ஏழைப் போட்டால் ஏற்ற வேண்டிய புள்ளியை ஏற்றாமல் விட்டதாகும். எதிரியின் பிடி என்றால் கணக்கு நேர்மாறு, அங்கே ஏழும் எட்டும்தான் போக வேண்டும்.

இரண்டாம் பிடி. கிழக்கின் கையில் கிளாவரில் ஒரே தாள், குயின். அதை இறக்கிவிட்டால் அடுத்த முறை கிளாவர் வரும்போது வெட்டலாம். இறக்குகிறார். வடக்கு கிளாவர் ஜாக், மேற்கு எட்டு. தெற்கு தன் சோடியின் பிடியில் ஏஸை ஏற்றுகிறார். 2, 30, 0, 11. மொத்தம் 43 எதிரிகளுக்கு. இது கிழக்கு தெரிந்தே செலுத்திய விலை.

மூன்றாம் பிடி. வடக்குக்கு இப்போது நம்பிக்கை. கிளாவர் ஜாக் போய்விட்டது, தன்னிடமுள்ள ஒன்பதுதான் தலை. அதை இறக்குகிறார். மேற்கு ஏழு. தெற்கு பத்தை ஏற்றுகிறார். கிழக்கிடம் கிளாவர் இல்லை. மேசையில் கவிழ்ந்து கிடந்த ஸ்கோப்பன் ஏழை எடுத்து, வெட்டு என்று திறந்து காட்டுகிறார். மற்ற மூவரும் கிளாவர் போட்டுவிட்டதால் இதற்கு மேல் வெட்ட ஆளில்லை. புள்ளியே இல்லாத ஏழு 30 புள்ளியை அள்ளிவிட்டது. கடைசி ஆளாக வெட்டும்போது சின்னத் துரும்பே போதும், பெரியதை வீணாக்கக்கூடாது என்பது இதில் உள்ள பாடம். கிழக்கு–மேற்கின் கணக்கு இப்போது 82.

துரும்பு திறந்தாயிற்று. இனிக் கிழக்கு தயங்காமல் ஸ்கோப்பனை இறக்கலாம். நான்காம் பிடியில் ஸ்கோப்பன் ஜாக். வடக்கு எட்டு, மேற்கு பத்து, தெற்கு குயின். 42. கூட்டினால் 124. ஐந்தாம் பிடியில் ஸ்கோப்பன் ஒன்பது. வடக்கிடம் ஸ்கோப்பன் முடிந்துவிட்டது, ஆட்டின் ஏழை எறிகிறார். மேற்கிடமும் இல்லை, சோடியின் பிடியில் டயமன் பத்தை ஏற்றுகிறார். தெற்கிடம் மிஞ்சியிருந்த ஸ்கோப்பன் ஏஸ், போடாமல் தப்ப முடியாது. 20, 0, 10, 11. மொத்தம் 41. கணக்கு 165.

இன்னும் ஐந்து புள்ளி வேண்டும். எட்டு ஸ்கோப்பனில் ஏழு விழுந்துவிட்டன. கிழக்கின் கையிலுள்ள கிங்தான் கடைசி. எண்ணி வைத்திருந்தவருக்கு அது பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. இறக்குகிறார். வடக்கு ஆட்டின் எட்டு, மேற்கு ஆட்டின் பத்து, தெற்கு கிளாவர் கிங். 3, 0, 10, 3. மொத்தம் 16. கணக்கு 181. கடைசி இரண்டு பிடியில் என்ன நடந்தாலும் கேள்வி வென்றுவிட்டது.

இந்தக் கையில் கிழக்கின் அதிர்ஷ்டம் முதல் நான்கு தாளோடு முடிந்தது. மீதியெல்லாம் இரண்டு பேரின் கணக்கு. இந்த ஆறு பிடியில் மேற்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. ஆனால் அவர் ஏற்றிய டயமன் ஒன்பது, ஸ்கோப்பன் பத்து, டயமன் பத்து, ஆட்டின் பத்து ஆகிய நான்கும் சேர்ந்து 50 புள்ளி. அவற்றில் ஸ்கோப்பன் பத்து மட்டும் வேறு வழியில்லாமல் விழுந்தது. மற்ற மூன்றையும் தெரிந்தே போட்டார். ஒவ்வொரு முறையும் இயன்றவரை சின்னத் தாளைப் போட்டிருந்தால் இந்தக் கேள்வி தோற்கும் நிலைக்கு வந்திருக்கும். பிடியே எடுக்காத சோடி ஆட்டத்தை வெல்லவைக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்படித் தாளை விரித்துத்தான் காட்ட வேண்டும்.

கல் கணக்கு

வெற்றியையும் தோல்வியையும் கல் வைத்து எண்ணுவார்கள். ஒவ்வொரு சோடியும் பெரும்பாலும் 11 கல்லோடு தொடங்கும். பரவலான ஒரு முறைப்படி 200க்குக் குறைந்த கேள்வியில் வென்றால் ஒரு கல் வரவு, தோற்றால் இரண்டு கல் போகும். 200 முதல் 249 வரை வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. 250உம் அதற்கு மேலும் கேட்டு வென்றால் மூன்று, தோற்றால் நான்கு. எட்டுப் பிடியையும் ஒரே சோடி எடுப்பது கம்மாரிஸ். அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

எந்த வரிசையிலும் தோல்வியின் விலை வெற்றியின் பலனைவிட ஒரு கல் கூட. இது காரணத்தோடு வைத்த விதி. ஒரு கல் கேள்வியில் மூன்றுக்கு இரண்டு முறை வென்றால்தான் வரவும் செலவும் சமமாகும். கையைப் பார்த்து, மூன்றில் இரண்டு முறையாவது நிறைவேறும் என்று தோன்றினால் மட்டும் கேள் என்று விதியே சொல்லித்தருகிறது. வெருட்டிப் பிழைக்க நினைப்பவரை இந்தக் கணக்கு மெல்ல மெல்லக் கல்லில்லாமல் ஆக்கிவிடும்.

பணம் எங்கே வருகிறது

304 சூதா என்ற கேள்வியைப் பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சூதை உண்டாக்குவது பந்தயம். சீட்டுக்கட்டு தானாக எதையும் செய்வதில்லை. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் குறிவைத்ததும் பந்தயப் பணத்தைத்தான். கசினோக்களுக்கென்று 2010இல் தனிச் சட்டம் வந்தது. இந்தியா 2025 ஓகஸ்டில் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இணைய ரம்மியில் பணத்தை இழந்த குடும்பங்களின் துயரம் பெரிய பொதுப் பிரச்சினையாகியிருந்தது. போக்கரில் திறமை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் விதிகள் பந்தயத்தைச் சுற்றியே கட்டப்பட்டவை. இழக்க எதுவும் இல்லாதபோது வெருட்டுவதற்கும் பொருள் இல்லை.

304க்குப் பணம் தேவையே இல்லை. ஒரு கல் போனதற்கே மனம் எரியும். தோற்ற சோடியைப் பகிடி பண்ணுவதே போதுமான தண்டனை. கேரளத்தில் 28, 56 ஆட்டங்களில் தோற்றவரின் காதில் குணுக்கு மாட்டிவிடும் வழக்கம்கூட அந்த வகைதான். இதில் பணத்தைக் கொண்டுவந்தால் முதலில் கெடுவது சோடி உறவு. தன் பிழையால் சோடியின் காசு போகிறது என்ற பயத்தில் எந்தப் பிள்ளையும் துணிந்து கேள்வி கேட்டுப் பழகாது. ஆகவே பிள்ளைகள் ஆடும் மேசையில் காசு வரக்கூடாது. ஐந்து ரூபாயும் வரக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

எப்படிக் கற்றுக்கொடுப்பது

கற்றுக்கொடுக்க விரும்பும் பெரியவர்களுக்குச் சில யோசனைகள். முதலில் நான்கு கையையும் மேசையில் விரித்து வைத்து ஆடுங்கள். மேலே பார்த்த கையையே வைத்துத் தொடங்கலாம். எந்தத் தாள் ஏன் விழுகிறது என்று எல்லோரும் பேசலாம். அடுத்து துரும்பை மட்டும் மறைத்து ஆடுங்கள். கடைசியாகத்தான் கைகளை மூட வேண்டும். ஏசுவதை ஆட்டம் முடியும்வரை தள்ளிப்போட்டு, பிறகு விழுந்த தாள்களைத் திரும்ப எடுத்து எந்தப் பிடியில் பிழைத்தது என்று காட்டுங்கள்.

இரண்டாவது, மேசையின் விதிகளை எழுதி வையுங்கள். குறைந்த கேள்வி எவ்வளவு, எட்டுத் தாளில் எவ்வளவுக்குக் கேட்கலாம், கம்மாரிஸுக்கு எத்தனை கல், வகை இருந்தும் போடாதவருக்கு என்ன தண்டனை என்பவை எழுத்தில் இருந்தால் பாதிச் சண்டை வராது. சனசமூக நிலையச் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும். புலம்பெயர்ந்த நாடுகளில் பழைய மாணவர் சங்கங்கள் 304 போட்டி நடத்தும்போது இப்படித்தான் ஒரே விதிக்கு வருகிறார்கள். ரொறொன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஊருக்கு வருகிற பேரப்பிள்ளையும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு மேசையில் இருக்கலாம்.

மூன்றாவது, பெண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் அம்மாவும் அம்மம்மாவும் நன்றாக ஆடுகிற குடும்பங்கள் நமது ஊரில் நிறைய உண்டு. ஆனாலும் திண்ணை ஆட்டம் ஆண்களின் ஆட்டமாகவே இருந்துவிட்டது. கணக்கும் நினைவும் கவனமும் வேண்டிய ஆட்டத்திலிருந்து பாதிப் பேரை விலக்கி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் நமது பிள்ளைகள் அங்கே சிங்கள மாணவர்களும் 304 ஆடுவதைக் காண்பார்கள். அவர்கள் வழக்கமாக ஆடும் ஓமியும் இதே 32 தாளில் சோடி சேர்ந்து ஆடுவதுதான். ஒருவருடைய மொழி மற்றவருக்கு முழுதாக விளங்காத மேசையிலும் 170 என்ற கேள்வியும் சோடி ஏற்றும் ஒன்பதும் விளங்கும்.

எதிரே இருப்பவரின் கையில் என்ன இருக்கும் என்று யோசிப்பதும், தன் கையைப் பற்றி அவருக்கு உண்மை சொல்வதும், அவர் பிடிக்கும்போது தன்னிடம் உள்ளதை மனமாரக் கொடுப்பதும் நாளுக்குப் பல தடவை பழக்கமாகிற ஆட்டம் இது. அதைத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தப் பாடசாலை விடுமுறையில் ஒரு கட்டு வாங்கி, இரண்டு முதல் ஆறு வரை எடுத்து வைத்துவிட்டு, மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்துங்கள். முதல் நாள் ஒருவரையும் ஏசாதீர்கள்.